ஐஸ் தொட்டி: எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எத்தனை கிலோ ஐஸ்?

வீட்டிலேயே குளிர்நீர்த் தொட்டி வைத்துக்கொள்வது பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். விளையாட்டு பிசியோதெரபி தெரிந்தவர்களும் குளிர்சாதன வேலை தெரிந்தவர்களும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: 300 லிட்டர் பிடிக்கும் காற்றடைக்கும் தொட்டி வாங்கினேன். 10 கிலோ ஐஸ் வாங்கிப் போட்டும் தண்ணீர் குளிரவே இல்லை. எவ்வளவுதான் போட வேண்டும்? (வாசகர், அண்ணா நகர், சென்னை)

சென்னையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 28, 29 டிகிரியில் இருக்கும். 300 லிட்டரில் 10 கிலோ போட்டால் அது 25½ டிகிரிக்குத்தான் இறங்கும். குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் இரண்டு பை ஐஸ் போதுமானதாகத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் குழாயில் வரும் தண்ணீரே 10, 12 டிகிரியில் இருப்பதுதான்.

கணக்கு எளிது. தண்ணீரின் லிட்டரை, எத்தனை டிகிரி இறக்க வேண்டுமோ அதால் பெருக்கி, 90ஆல் வகுங்கள். வருவது கிலோ கணக்கில் ஐஸ். 300 லிட்டரை 29இலிருந்து 15க்குக் கொண்டுவர 300 × 14 ÷ 90, அதாவது சுமார் 47 கிலோ. தொட்டிச் சுவர், வெளிக்காற்று இரண்டும் கொஞ்சம் தின்னும். 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் 50 கிலோ ஐஸ் கட்டுப்படியாகாது. எனவே முதலில் தண்ணீரைக் குறையுங்கள். நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் உடலே 60 லிட்டர் அளவுக்கு நீர்மட்டத்தை உயர்த்தும். நிமிர்ந்து உட்காரும் உயரமான, குறுகலான தொட்டியில் 180 லிட்டர் இருந்தாலே நீர் மார்பு வரை வந்துவிடும். 180 × 14 ÷ 90 என்றால் 28 கிலோ. படுக்கிற மாதிரியான அகலத் தொட்டியைவிட டிரம் வடிவத் தொட்டி நம் ஊருக்குப் பொருத்தம் என்று சொல்வது இதனால்தான். போடும் ஐஸும் உருகித் தண்ணீராகிறது என்பதை மறந்து விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள்.

ஐஸ் எங்கே வாங்குவது என்பது அடுத்த விஷயம். மீன் வியாபாரத்துக்குப் போகும் பார் ஐஸ் குடிநீரில் செய்தது என்று நம்ப முடியாது. உமி, மரத்தூள், சாக்கு நார் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் போட்டால் அன்றைக்கே தண்ணீரை மாற்றியாக வேண்டும். டீப் ஃப்ரீசர் இருக்கும் வீட்டில் இரண்டு லிட்டர் பெட் பாட்டில்களே நல்ல வழி. ஒவ்வொன்றிலும் 1.8 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உறையும்போது வெடிக்கும். பதினைந்து பாட்டில்கள் என்றால் 27 கிலோ. தண்ணீரும் அழுக்காகாது, உருகிய நீரும் தொட்டியில் சேராது, பாட்டிலைத் திரும்ப உறைய வைக்கலாம். ஒரே குறை, பிளாஸ்டிக் இடையில் இருப்பதால் குளிர் மெதுவாக இறங்கும். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜின் மேல்தட்டை நம்பி இதில் இறங்க வேண்டாம், ஒரு நாளில் அதில் உறைவது மூன்று, நான்கு கிலோதான்.

உப்பு போட்டால் இன்னும் குளிருமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றியிருக்கும் ஐஸுக்கு அது சரி. 200 லிட்டர் தண்ணீரில் பயன் எதுவுமில்லை. உப்பும் ஐஸும் கலந்த குழம்பு தோலில் நேரடியாகப் பட்டால் புண்ணாகும்.

வெப்பமானி கட்டாயம். நெற்றியில் காட்டும் துப்பாக்கி வகை வேண்டாம், அது நீரின் மேற்பரப்பை மட்டும் அளக்கும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், நீரில் மூழ்கும் முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி போதும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்துப் பாருங்கள். 0 காட்டினால் நம்பலாம். தொட்டியை நன்றாகக் கலக்கிவிட்டு, உட்காரும்போது தொடை இருக்கும் ஆழத்தில் அளவெடுங்கள்.

கேள்வி: எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் 3 டிகிரியில் பத்து நிமிடம் உட்காருகிறார். நான் 15 டிகிரியிலேயே தடுமாறுகிறேன். குறைந்த டிகிரிதான் அதிகப் பலனா? (வாசகர், கோவை)

இல்லை. உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலிக்குக் குளிர்நீர் உதவுகிறதா என்று பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 10 முதல் 15 டிகிரி நீரில் நடந்தவை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு அலசலில், 11 முதல் 15 டிகிரியில் 11 முதல் 15 நிமிடம் இருந்தவர்களுக்கே பலன் நன்றாகத் தெரிந்தது. 3 டிகிரியில் கூடுதலாகக் கிடைப்பது விரல் மரத்துப்போதலும் நரம்புக் காயத்துக்கான வாய்ப்பும்தான். டிகிரிப் போட்டி வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நம் ஊர் வெயிலில் பழகிய உடம்புக்கு இப்படித் தொடங்கலாம். முதல் மூன்று முறை 20 டிகிரியில் இரண்டு நிமிடம். அடுத்த மூன்று முறை 18 டிகிரியில் மூன்று நிமிடம். பிறகு 15 டிகிரியில் ஐந்து நிமிடம். மூச்சு ஒவ்வொரு முறையும் சீக்கிரம் அடங்குகிறது என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். 12 டிகிரிக்குக் கீழேயோ பத்து நிமிடத்துக்கு மேலோ வீட்டில் யாரும் போகத் தேவையில்லை. வாரம் இரண்டு, மூன்று தடவை போதும்.

இன்னொன்று: அசையாமல் இருந்தால் தோலை ஒட்டிய நீர் கொஞ்சம் சூடாகி ஒரு போர்வை மாதிரி நிற்கும். ஜிம் போன்ற இடங்களில், சில்லரின் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டியில் அந்தப் படலம் நிற்காது. அதனால் ஐஸ் தொட்டியில் 13 டிகிரி தாங்கியவர், நீரோட்டம் உள்ள தொட்டியில் அதே 13இல் திணறுவார். தொட்டி மாற்றினால் இரண்டு, மூன்று டிகிரி கூட வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: உள்ளே இறங்கியதும் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. இது சாதாரணமா, ஆபத்தா? (வாசகி, திருச்சி)

இரண்டும்தான். தோல் திடீரென்று குளிரும்போது உடல் தன்னிச்சையாக ஒரு பெருமூச்சை இழுக்கும். தொடர்ந்து மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். 25 டிகிரிக்குக் கீழே போகப் போக இது தொடங்கி, 10 முதல் 15 டிகிரிக்குள் உச்சத்தைத் தொடுகிறது. முதல் அரை நிமிடம் மிகக் கடுமை. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். குளிர்நீரில் இறப்பவர்களில் பலர் உடல் வெப்பம் குறைந்து இறப்பதில்லை, இந்த முதல் நிமிடத்தில்தான் இறக்கிறார்கள். அந்த முதல் பெருமூச்சு வரும்போது வாய் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். ஆகவே குதிக்கக் கூடாது, முங்கக் கூடாது.

முகத்தை நனைக்க வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. உடம்பில் படும் குளிர் இதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது. முகத்தில் படும் குளிரும் மூச்சை அடக்குவதும் இதயத்தை மெதுவாக்கச் சொல்கின்றன. எதிரெதிரான இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் போனால் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். பிரிட்டனின் மைக் டிப்டன், மைக்கேல் ஷட்டாக் இருவரும் 2012இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இது நேரலாம்.

இறங்கும் முறை: முதலில் கை, கால், பின்கழுத்தில் தொட்டித் தண்ணீரையே அள்ளி விடுங்கள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கால், மறு கால், பிறகு இடுப்பு வரை. வாயைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விட்டபடியே உட்காருங்கள், இழுக்கும்போது உட்காராதீர்கள். மார்பு வரை போக அரை நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் வெளியே விளிம்பின் மேல் இருக்கட்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடமாகியும் முடியவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். ஐந்தாறு முறை சில நிமிடங்கள் இப்படி இருந்தாலே இந்த அதிர்ச்சி ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுப் பிறகு அடக்கும் பயிற்சியைத் தொட்டிக்குள் செய்யவே கூடாது. அது ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைக்கிறது. மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலைத் தருவதே அந்த வாயுதான். உந்துதல் வராமலேயே நினைவு தப்பும். ஆள் சத்தமில்லாமல் நீருக்குள் சரிந்துவிடுவார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை, பேச்சு குழறுகிறது, உடம்பு தூக்கிப் போடுகிறது என்றால் உடனே வெளியே வர வேண்டும்.

வெளியே வரும்போதும் அவசரம் கூடாது. நீரின் அழுத்தம் கால்களிலிருந்து விலகியதும் தலை சுற்றலாம். விளிம்பில் உட்கார்ந்து அரை நிமிடம் கழித்து இறங்குங்கள். தரையில் ரப்பர் மேட் போட்டிருங்கள். துடைத்துவிட்டு உலர்ந்த துணி போதும். உடனே வெந்நீரில் குளித்தால் சுருங்கிய ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து மயக்கம் வரும். வெளியே வந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் முன்பைவிட அதிகமாக நடுங்குவது உண்டு. கை கால்களில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்புவதும், வெளித்தசையின் குளிர் உள்ளே பரவுவதும் காரணம். அந்த நேரத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் உண்டு. மூட்டுவலிக்கு இந்தத் தொட்டி நல்லது என்று யாரோ சொல்லி, கேட்டுக்கொண்டே இருக்கிறார். விடலாமா? (வாசகி, மதுரை)

விடாதீர்கள். இறங்கிய நொடியில் ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்து) வகை இருந்தால் இதயம் தேவைக்கேற்ப வேகமெடுக்காது, கை கால் ரத்த ஓட்டமும் குறையும். சர்க்கரையால் பாத நரம்பு மரத்திருந்தால் குளிர் புண்ணாக்குவதுகூட அவருக்குத் தெரியாது. மூட்டுவலிக்கு, துணியில் சுற்றிய ஐஸ் பையை வலிக்கிற மூட்டில் மட்டும் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைவு என்றால் அங்கே அதுவும் வேண்டாம்.

இதய நோய், துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வந்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், குளிர் பட்டால் தோலில் தடிப்பு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். தடிப்பு வருகிறவர்கள் அதைச் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள்; முழு உடம்பும் மூழ்கினால் அவர்களுக்கு ரத்த அழுத்தமே விழுந்துவிடலாம். நாற்பது தாண்டியவர்கள் தொட்டி வாங்கும் முன் இ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஜிம்மில் எடை தூக்கிய உடனே ஐஸ் தொட்டியில் உட்கார்ந்தால் தசை சீக்கிரம் வளருமா? (வாசகர், சேலம்)

வளர்ச்சி குறையும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு குழு வாரம் இரண்டு முறை கால்களுக்கு எடைப்பயிற்சி செய்து, முடிந்ததும் 10 டிகிரி நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தது. இன்னொரு குழு மெதுவாக சைக்கிள் மிதித்தது. 12 வாரம் கழித்து, குளிர்நீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை அளவும் பலமும் குறைவாகவே கூடியிருந்தன. எடை தூக்கியபின் தசையில் நடக்கும் வேலைதான் அதை வளர்க்கிறது. குளிர் அந்த வேலையைத் தணிக்கிறது. எடைப்பயிற்சி நாளில் தொட்டியே வேண்டாம். ஓட்டம், சைக்கிள் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கபடி அணிக்கு ஒரே நாளில் மூன்று ஆட்டம் வரும். நடுவில் ஐஸ் தொட்டி பயன்படுமா? (அணிப் பயிற்சியாளர், தஞ்சாவூர் மாவட்டம்)

இந்தத் தொட்டி உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான். தசை வளர்வதைவிட அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து நிற்பது முக்கியமான நாட்கள் இவை. ஆனால் குளிர்ந்த தசைக்கு வெடிப்புவேகம் இருக்காது. உடனே ரெய்டு போனால் தொடைத்தசை பிடிக்கும். அடுத்த ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது இருந்தால் மட்டும் 15 டிகிரியில் ஐந்து நிமிடம், இடுப்பு வரை. பிறகு முழு வார்ம்-அப். இடைவெளி குறைவு என்றால் ஈரத்துண்டும் நிழலும் போதும், தொட்டியை இரவுக்கு வையுங்கள்.

முழங்காலில் சிராய்ப்பு, திறந்த புண் உள்ளவர் இறங்கக் கூடாது. பத்துப் பேர் இறங்கும் தொட்டி என்றால் ஒவ்வொருவரும் மண் போகக் குளித்துவிட்டு வர வேண்டும். வலி நிவாரணத் தைலம் பூசியவர்களும் கழுவிவிட்டு வரட்டும். தைலம் குளிரைச் சரியாக உணரவிடாது, தண்ணீரையும் கெடுக்கும்.

கேள்வி: மூன்றாம் நாளே தண்ணீர் வழவழப்பாகி வாடை வருகிறது. தினமும் 300 லிட்டரைக் கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, தாம்பரம்)

அந்த வழவழப்பு, கிருமிகள் சுவரில் கட்டும் படலம். ஐஸ் போட்டுப் பயன்படுத்தும் தொட்டி அடுத்த நாளே 28 டிகிரிக்குத் திரும்பிவிடுகிறது. வியர்வை, தோல் செதில், தலையில் தடவிய தேங்காய் எண்ணெய், 28 டிகிரி வெப்பம் எல்லாம் சேர்ந்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? இறங்கும் முன் சோப்பு போட்டுக் குளிப்பதே பாதித் தீர்வு. எண்ணெய் தேய்த்த நாளில் தொட்டி வேண்டாம்.

மீதிப் பாதி குளோரின். 300 லிட்டருக்கு 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவு வேண்டுமானால் 600 மில்லிகிராம் குளோரின் தேவை. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் 12 மில்லி. மருந்து அளக்கும் மூடியால் அளந்து, ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து, பயன்படுத்தி முடித்த பிறகு ஊற்றிக் கலக்கி மூடிவிடுங்கள். அடுத்த முறை இறங்கும் முன் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். குளோரின் பூஜ்யம் காட்டினால் இறங்காதீர்கள். ஹைப்போகுளோரைட் வெயிலில் வீரியம் இழக்கும், பழைய கேனை நம்ப வேண்டாம். பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பு வண்டலை விடும். பம்ப், ஃபில்டர் இரண்டையும் அடைக்கும். குளோரினுடன் வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிப்பறைக் கிளீனர் எதுவும் சேரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

ஃபில்டர் இல்லாத தொட்டியில் குளோரின் போட்டாலும் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கலங்கினாலோ வாடை வந்தாலோ அன்றே. ஃபில்டரும் சில்லரும் இருந்து, ஒன்றிரண்டு பேர் மட்டும் பயன்படுத்தினால் நான்கு வாரம் வரை போகலாம். கொட்டும் முன் ஒன்றிரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், அந்தத் தண்ணீர் தரை கழுவவும் கழிப்பறைக்கும் ஆகும்.

திறந்து வைக்கிற அந்த ஒன்றிரண்டு நாள் தவிர, மூடி எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நீரைத்தான் தேடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டக் கோட்டில் சுவரோடு ஒட்டி, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கறுப்புப் பொட்டுகளாகக் கண்ணுக்கே தெரியும். தேங்காய் நார் அல்லது ஸ்கிரப்பரால் அந்தக் கோட்டை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மூடிக்குப் பட்டையும் பூட்டும் அவசியம். நிரம்பிய தொட்டி குழந்தைக்குக் கிணறுதான்.

கேள்வி: கால் ஹெச்.பி. சில்லர் வாங்கிக் குளியலறையில் வைத்தேன். இரவெல்லாம் ஓடியும் 18 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. சில நேரம் பிழைக் குறி காட்டி நின்றுவிடுகிறது. (வாசகர், வேலூர்)

இரண்டு காரணங்கள். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தான் இழுக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து அறைக்குள் விடுகிறது. மூடிய குளியலறை ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொடும். சூடான காற்றில் சில்லரின் திறன் சரியும். அந்தச் சூடு தொட்டிக்குள்ளும் திரும்பப் போகும். சில்லரை வெளியே, நிழலில், சுற்றிலும் ஒன்றரை அடி இடம் விட்டு வையுங்கள்.

இரண்டாவது, இன்சுலேஷன். வெறும் பிவிசி தொட்டியில் 12 டிகிரி நீர் மணிக்கு அரை முதல் ஒரு டிகிரி வரை சூடேறும். தண்ணீர் குளிரக் குளிர வெளியிலிருந்து வரும் வெப்பம் கூடும். எந்த இடத்தில் அதுவும் சில்லரின் திறனும் சமமாகிறதோ அங்கே நின்றுவிடும். உங்களுக்கு அது 18. இரண்டு அங்குல தெர்மாகோல் சுற்றி, கனமான மூடி போட்டு, குழாய்களுக்கு ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் கறுப்பு நைட்ரைல் உறை மாட்டுங்கள். தொட்டிக்கு அடியிலும் தடிமனான மேட் வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இதற்குப் பிறகும் இறங்காவிட்டால்தான் பெரிய சில்லர் பற்றி யோசிக்க வேண்டும். 300 லிட்டருக்கு நம் ஊரில் 1 ஹெச்.பி. சரியான அளவு, 29இலிருந்து 12க்கு இறங்க மூன்று, நான்கு மணி நேரமும் ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரமும் ஆகும்.

பிழைக் குறி பெரும்பாலும் நீரோட்டம் குறைந்ததால் வருவது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்: ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் அடைத்திருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, குழாயில் காற்று சிக்கியிருக்கிறதா. கடைசியதற்கு, வெளியேறும் ஹோஸின் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தி, நீர் தொடர்ச்சியாக வரும் வரை காற்றை விட்டுவிட்டு இறுக்குங்கள். பம்ப் உறுமுகிறது, நீர் வரவில்லை என்றால் இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் விசிறி) முடி சுற்றியிருக்கும். கார்ட்ரிட்ஜை வாரம் ஒருமுறை அலசுங்கள், மாதம் ஒன்று மாற்றுங்கள். நிறுத்திய கம்ப்ரசரை உடனே போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். வாங்கும்போது உள்ளே இருக்கும் சுருள் டைட்டானியமா என்று கேளுங்கள். செம்பு, குளோரினில் அரிக்கும்.

மின் இணைப்பில் சமரசம் கிடையாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட், தனி எம்.சி.பி. (மின்சுமை கூடினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழவில்லை என்றால் அன்றே எலக்ட்ரீஷியன். தொட்டிக்குள் இறங்கும் முன் சில்லரை நிறுத்தி பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் அரை டிகிரிகூடச் சூடேறாது.

கேள்வி: அபார்ட்மெண்ட் மூன்றாவது மாடி பால்கனியில் வைக்கலாமா? (வாசகர், பெருங்குடி)

தூண் இல்லாமல் நீட்டியிருக்கும் பால்கனி என்றால் வேண்டாம். 300 லிட்டர் நீர், தொட்டி, நீங்கள் என்று 400 கிலோ வரும். அது அரை முதல் முக்கால் சதுர மீட்டரில் உட்காரும். இந்தியத் தரநிலைப்படி வீட்டு அறைகளுக்கு எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ, பால்கனிக்கு 300 கிலோ. தரைத்தளம் சிறந்தது. மாடிதான் வழி என்றால் பீம் ஓடும் சுவரை ஒட்டி வைக்கலாமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: உடல் எடை குறையுமா? சளி பிடிக்காமல் இருக்குமா? (பல வாசகர்கள்)

எடைக்காக வாங்காதீர்கள். நடுங்கும்போது கொஞ்சம் கலோரி செலவாகும். வெளியே வந்ததும் எடுக்கும் பசி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். சளி பற்றி நெதர்லாந்தில் 3018 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அது தொட்டி அல்ல, குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடி குளிர்ந்த ஷவர். வேலைக்கு விடுப்பு எடுப்பது 29 சதவீதம் குறைந்தது; உடம்பு சரியில்லாத நாட்கள் குறையவில்லை.

கேள்வி: டொராண்டோவில் வீட்டின் பின்புறம் தொட்டி வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் அப்படியே விடலாமா? (வாசகி, ஸ்கார்பரோ)

உங்கள் பிரச்சினை நேர் எதிரானது. பிப்ரவரியில் உங்கள் குழாய் நீரே 5 டிகிரி அளவுக்கு வந்துவிடும். வெந்நீர் கலந்து 12க்குக் கொண்டுவாருங்கள். சில்லரையும் ஹோஸ்களையும் முதல் உறைபனிக்கு முன்பே முழுவதும் வடித்து உள்ளே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உறைந்த நீர் சுருளைப் பிளக்கும். வெறுங்காலோடு உறைந்த டெக்கில் நடப்பதுதான் தொட்டியைவிட ஆபத்து. ரப்பர் செருப்பு, வாசல் வரை மேட்.

கேள்வி: மே மாதம் ஒரு பயிற்சி ஓட்டத்தில் எங்கள் குழுவில் ஒருவர் சுருண்டு விழுந்து, சம்பந்தமில்லாமல் பேசினார். அப்படிப்பட்ட நேரத்தில் ஐஸ் தொட்டியில் போடலாமா, அல்லது அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிடுமா? (ஓட்டக் குழு நிர்வாகி, சென்னை)

போட வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. ஓடும்போது விழுந்து, குழப்பமாகப் பேசி, உடம்பு கொதித்தால் அது உழைப்பால் வந்த வெப்பத்தாக்கு. வியர்வை வழிந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான். தோல் உலர்ந்திருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு மூளை, கல்லீரல், சிறுநீரகம் கெடும். விழுந்த அரை மணிக்குள் இறக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இது வந்தது. அங்கேயே குளிர்நீரில் அமிழ்த்தியதால் ஒருவர்கூட இறக்கவில்லை.

108ஐ அழைத்துவிட்டு, வண்டிக்குக் காத்திருக்காமல் தொடங்குங்கள். ஷூவைக் கழற்றி, கழுத்து வரை நீரில் இறக்குங்கள். அக்குள் வழியாக ஒரு துண்டைப் போட்டு, தலைப்பக்கம் நிற்கும் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தலை நீருக்குள் போகக் கூடாது. தலையில் ஐஸ்நீரில் நனைத்த துண்டு. ஒருவர் தண்ணீரை விடாமல் கலக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். மருத்துவக் குழு இருந்தால் ஆசனவாய் வெப்பமானியில் 39 டிகிரி வந்ததும் வெளியே எடுப்பார்கள். நெற்றி, காது, அக்குள் அளவுகள் இந்த நேரத்தில் ஏமாற்றும். அளக்க வழியில்லை என்றால் பத்து முதல் பதினைந்து நிமிடம், அதற்குள் நடுக்கம் தொடங்கினால் அப்போதே வெளியே எடுக்கலாம். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், குளுக்கோஸும் வேண்டாம். ஆள் மூச்சுவிடவில்லை என்றால் தொட்டி அல்ல, முதலில் இதய இயக்க மீட்பு (சி.பி.ஆர்.).

தொட்டி இல்லாத இடத்தில் ஒரு தார்ப்பாய் போதும். ஆளை நடுவில் கிடத்தி, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐந்தாறு குடம் தண்ணீரும் இருக்கிற ஐஸ் முழுவதும் கொட்டி, பாயை ஆட்டிக்கொண்டே இருங்கள். கோடைப் பயிற்சிக்குக் கிளம்பும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தார்ப்பாயும் 20 கிலோ ஐஸ் உள்ள ஒரு பெட்டியும் இருக்கட்டும்.